அரசு வழக்கறிஞர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? சொத்துக் குவிப்பு வழக்கு விட்டுச்சென்ற நடைமுறைப் பாடங்கள்

ஜெயலலிதா, சசிகலா, சுதாகரன், இளவரசி மீதான சொத்துக் குவிப்பு வழக்கு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சேலைகளும் செருப்புகளும்தான். வழக்கைத் தாங்கியவை அவை அல்ல. நிலப் பத்திரங்களும் வங்கிச் சலான்களும் கட்டட மதிப்பீடும் கூட்டல் கழித்தலும்தான் அதைத் தாங்கின. 1996 ஜூன் 14 அன்று சுப்பிரமணியன் சுவாமி சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் கொடுத்த தனிப் புகாரில் தொடங்கி, 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. சரியாக இருபது ஆண்டு எட்டு மாதம். அதற்குள் இரண்டு முறை ஏறக்குறையச் செத்துப் பிழைத்தது. இரண்டு முறையும் ஆதாரக் குறைவால் அந்த நிலை வரவில்லை. அரசுத் தரப்பில் பேச வேண்டியவர் பேசாமல் இருந்ததாலோ, பேச உரிமையுள்ளவரே அங்கு இல்லாததாலோதான் வந்தது.

பதவியில் இருக்கும் ஒருவரைப் பணக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்த நினைப்பவர்கள் இந்த ஒரு வழக்கையாவது தொடக்கம் முதல் முடிவு வரை படித்துவிட வேண்டும். கீழே இருப்பது அப்படிப் படிக்கும்போது எங்கெல்லாம் கோடு போட வேண்டும் என்பதற்கான குறிப்பு.

முதலில் கணக்கு

சொத்துக் குவிப்பு என்பது ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ன் 13(1)(இ) பிரிவின்படியான குற்றம். 2018 திருத்தத்துக்குப் பிறகு அதே குற்றம் 13(1)(பி) என்ற எண்ணில் இருக்கிறது. லஞ்சம் கொடுத்தவர் யார், எந்தக் கோப்புக்காகக் கொடுத்தார் என்று காட்டத் தேவையில்லை. பொது ஊழியராக இருந்த காலத்தில் தெரிந்த வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து இருக்கிறது, அதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை என்பது போதும். அதனால்தான் பெரிய புள்ளிகள் மீதான வழக்குகளில் இது மற்றவற்றை விட உறுதியாக நிற்கிறது. லஞ்ச வழக்கில் கொடுத்தவரே நாளைக்கு மாற்றிப் பேசலாம். பத்திரப் பதிவு அலுவலகத்துப் பதிவேடு மாற்றிப் பேசாது.

நான்கு எண்கள் வேண்டும். பரிசீலனைக் காலத்தின் முதல் நாளில் இருந்த சொத்து, கடைசி நாளில் இருந்த சொத்து, இடைப்பட்ட வருமானம், இடைப்பட்ட செலவு. இந்த வழக்கில் காலம் 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை. அரசுத் தரப்புக் கணக்கு இப்படி:

தொடக்கச் சொத்து ரூ.2,01,83,957.
முடிவில் ரூ.66,44,73,573.
வருமானம் ரூ.9,34,26,054.
செலவு ரூ.11,56,56,833.

முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, செலவைக் கூட்டி, வருமானத்தைக் கழித்தால் ரூ.66,65,20,395. செய்தித்தாள்களில் இருபது ஆண்டு வந்துகொண்டிருந்த '66.65 கோடி' இதுதான். செலவைக் கூட்டுவது ஏன் என்று குழம்புபவர்கள் உண்டு. செலவழித்த பணமும் ஏதோ ஒரு வழியில் வந்த பணம்தானே. சொத்தாக நிற்பதும் செலவாகிக் கரைந்ததும் சேர்ந்துதான் மொத்த வரவு.

பரிசீலனைக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. மிக நீட்டினால் பழைய வருமானத்துக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய பாரம் அரசுத் தரப்பின் தலையில் ஏறும். மிகச் சுருக்கினால் முன்பணம் ஒரு ஆண்டிலும் பத்திரம் இன்னொரு ஆண்டிலுமாகச் சிதறிப்போகும். பதவிக்கு வந்ததையும் பதவி போனதையும் ஒட்டி எல்லை வைப்பது இந்த இரண்டு தொல்லையையும் குறைக்கும்.

எதிர்த்தரப்பு தாக்கும் இடம் எப்போதும் வருமானக் கட்டம்தான். ‘வருமான வரி கட்டியிருக்கிறோம், வரித்துறையே ஏற்றுக்கொண்டது’ என்பார்கள். வரி கட்டியதால் பணத்தின் ஊற்று சட்டப்படியானது என்று ஆகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நமது எம்.ஜி.ஆர். நாளிதழுக்குச் சந்தா வைப்புத் திட்டம் மூலம் சுமார் 14 கோடி வந்தது என்றார்கள். அதற்கான வரிக் கணக்குகள் குற்றப்பத்திரிகைக்குப் பிறகே தாக்கலாகியிருந்தன. விசாரணை நீதிமன்றம் அதை அடியோடு தள்ளியது, உயர் நீதிமன்றம் 4 கோடியை ஏற்றது, உச்ச நீதிமன்றம் மறுபடி தள்ளியது. ஆகவே ஒரு வருமானக் கணக்கைப் பார்த்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் அது தாக்கலான தேதியைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன்பா, பின்பா? ஒரே கேள்வியில் பாதி வேலை முடியும்.

பிறந்தநாள் பரிசாக வந்த பணமும் அப்படித்தான். பொது ஊழியர் பெறும் பரிசு சட்டப்படியான வருமான ஊற்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் அரசியல்வாதிகளின் கணக்குகளில் 'அன்பளிப்பு', 'தொண்டர்கள் கொடுத்தது' என்ற வரிகள் வருகின்றன. அந்த வரியைக் கண்டால் விடாதீர்கள்.

அரசுத் தரப்பு சறுக்கிய இடங்களையும் சொல்ல வேண்டும். கட்டடங்களுக்கு 27.79 கோடி என்று மதிப்பிட்டார்கள். பொறியாளர்கள் பின்னால் போய்ப் பார்த்து, சதுர அடிக்கு இவ்வளவு, பளிங்குக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கு. விசாரணை நீதிபதியே அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து 22 கோடி அளவுக்குக் கொண்டுவந்தார். உயர் நீதிமன்றம் 5.10 கோடி என்று சுருக்கியது. சுதாகரன் திருமணச் செலவு அதை விட மோசம். அரசுத் தரப்பு 6.45 கோடி என்றது, விசாரணை நீதிமன்றம் 3 கோடி என்றது, உயர் நீதிமன்றம் 28.68 லட்சம் என்றது. ஊரே பார்த்த திருமணம். ஆனால் ஊர் பார்த்தது சாட்சியம் ஆகாது. பந்தல்காரருக்குக் காசோலை போனதா, ரொக்கமா, ரசீது யார் பெயரில், பணம் யார் கணக்கிலிருந்து என்பதுதான் கேள்வி. மதிப்பீடு என்பது மனிதர் சொல்லும் கருத்து. விலைப் பட்டியல் நடந்ததற்கான பதிவு. முடிந்த இடத்திலெல்லாம் இரண்டாவதைத் தேடுங்கள். அசைந்து கொடுக்கும் தலைப்புகளை வெட்டிவிட்டாலும் மீதி கணக்கு நிற்குமா என்று புகார் எழுதும்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்த வழக்கு அந்தச் சோதனையில் தேறியது. விசாரணை நீதிமன்றம் பலவற்றைக் குறைத்த பிறகும் ரூ.53,60,49,954 மிஞ்சியது. ஏற்கப்பட்ட வருமானம் 9.91 கோடி. வருமானத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

பினாமி நிறுவனங்களைக் காகிதத்தில் பிடிப்பது

சொத்தெல்லாம் முதல்வர் பெயரில் இருந்திருந்தால் இந்த வழக்குக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்காது. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வழக்கில் பேசப்பட்டன. அவற்றில் பத்து கூட்டு நிறுவனங்கள் ஒரே நாளில் தொடங்கப்பட்டவை. சொத்து வாங்குவதைத் தவிர அவற்றுக்கு வேறு தொழில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஜெயலலிதாவோடு ரத்த உறவு இல்லாத மற்ற மூவரும் போயஸ் தோட்டத்தில் அவரோடு ஒரே வீட்டில் வசித்தது, பணம் கணக்குக்குக் கணக்கு தாராளமாக ஓடியது, சார் பதிவாளரே வீட்டுக்கு வந்து பத்திரம் பதிந்தது, வாங்குபவர் பெயர் எழுதாமலே பத்திரம் பதியப்பட்டது ஆகியவையெல்லாம் சேர்ந்துதான் கூட்டுச் சதியை நிறுவின. சதிக்கு ஒப்பந்தப் பத்திரம் கிடைக்காது. இப்படிச் சின்னச் சின்னக் காகிதங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால்தான் வடிவம் தெரியும்.

இன்றைக்கு ஒரு சாதாரணக் குடிமகனே இதில் பாதியைத் திரட்டலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். தேட ஆளின் பெயர் போதாது, சர்வே எண் வேண்டும். அதற்கு வேட்புமனுவோடு இணைக்கும் 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரம் நல்ல வாசல். வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் நிலம் சர்வே எண்ணோடு அதில் இருக்கும். ஒரே ஆளின் மூன்று தேர்தல் பத்திரங்களை அருகருகே வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். புதிதாக வந்தது எது, காணாமல் போனது எது, விலை குறைந்தது எது? நிறுவனங்களுக்கு மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டினால் ஆண்டறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, இயக்குநர் மாற்றம் எல்லாவற்றையும் பார்க்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது பதிவு முகவரி, தணிக்கையாளர், தொடங்கிய தேதி. ஐந்து நிறுவனங்களுக்கு ஒரே மாடிப்படி முகவரி இருந்தால் அது தற்செயலாக இருக்காது.

வங்கிக் கணக்கு விவரம் மட்டும் நீங்கள் தேடக் கூடாதது. யாரோ ரகசியமாகக் கொடுத்த கணக்கு அறிக்கையை புகாரோடு இணைத்தால், வழக்கு அதைப் பற்றியதாக மாறி நீங்களே எதிரியாக நிற்க நேரிடும். எந்த வங்கி, எந்தக் கிளை என்று குறிப்பிட்டு, ஆவணத்தை வரவழைக்கும்படி புலனாய்வு அதிகாரியையோ நீதிமன்றத்தையோ கேளுங்கள். அந்த அதிகாரி வாங்க வேண்டியவை கணக்குத் தொடக்கப் படிவம், அறிமுகம் செய்தவர் பெயர், ரொக்கம் கட்டிய சலான்கள். சலானில் கையெழுத்துப் போட்டவர் யார் என்ற கேள்வி பல வழக்குகளைத் திறந்திருக்கிறது.

இணையத்திலிருந்து எடுத்த எதற்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி. பதிவிறக்கிய அன்றே தேதி, நேரம், கணினி விவரம், கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதிய சான்றை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்தே நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

புகார் எங்கே போக வேண்டும்

ஊழல் வழக்கில் எந்தக் குடிமகனும் புகார் கொடுக்கலாம் என்பதை 1984-ல் அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 1996-ல் நீதிமன்றத்தில் நேரடியாகக் கொடுத்த தனிப் புகாரின் மேல் நீதிமன்றம் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு செப்டம்பர் 18 அன்று லஞ்ச ஒழிப்புத் துறை முதல் தகவல் அறிக்கை பதிந்தது. அந்தத் துறையின் நல்லம்ம நாயுடு புலனாய்வு செய்து, 1997 ஜூன் 4 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. இத்தனை பெரிய வழக்கில் முதல் தகவல் அறிக்கைக்கும் குற்றப்பத்திரிகைக்கும் இடையில் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அன்று ஆட்சி மாறியிருந்தது. அது இல்லாமல் இந்த வேகம் வந்திருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காற்று சாதகமாக இருக்கும் மாதங்களில் புலனாய்வை முடித்து, சாட்சிகளை மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வைத்துவிட வேண்டும். இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவு. காற்று திரும்பும்போது சாட்சியைக் கட்டிப் பிடித்திருக்கும் கயிறு அதுதான்.

இன்றைய பாதை 1996-ஐ விடக் கரடுமுரடானது. முதலில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுத்துப் புகார், ஒப்புகையோடு. பதில் இல்லையென்றால் காவல் கண்காணிப்பாளர் நிலைக்கு இன்னொரு புகார். அதன் பிறகே அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவில் பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்றம். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிப் போனாலும் மனு திரும்பி வரும். முன் அனுமதி இல்லாமல் பொது ஊழியர் மீது புலனாய்வுக்கு உத்தரவிட முடியாது என்று 2013-ல் அனில் குமார் எதிர் ஐயப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரத்தில் எடுத்த முடிவு பற்றிய குற்றச்சாட்டுக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவின்படி விசாரணைக்கே முன் ஒப்புதல் கேட்கிறார்கள். வழக்குத் தொடர அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்கும் அனுமதி 2018-க்குப் பிறகு முன்னாள் பொது ஊழியருக்கும் தேவை. அனுமதி கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு, காலம் கடத்தக் கூடாது என்பது 2012-ல் சுவாமி எதிர் மன்மோகன் சிங் தீர்ப்பு. சட்டமும் இப்போது மூன்று மாதம், தேவையானால் கூடுதலாக ஒரு மாதம் என்கிறது. முதல்வர் மீதென்றால் ஆளுநர் முடிவெடுப்பார். ஆகவே அனுமதி கேட்ட கடிதம் சேர்ந்த தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நூறாவது நாள் நினைவூட்டல், அதன் பின் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை மனு.

ஒரு சிறு விஷயம், பெரிய விளைவு உள்ளது. சொத்துக் குவிப்புப் புலனாய்வுக்குக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் உத்தரவு வேண்டும் என்கிறது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அந்தத் தாள் கோப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். புலனாய்வு செல்லாது என்ற மனுக்கள் இங்கிருந்துதான் முளைக்கின்றன.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ‘லஞ்ச ஒழிப்புத் துறைக்கு விலக்கு உண்டு’ என்று பதில் வரும். 2008-ல் தமிழக அரசு அப்படி விலக்கு அளித்தது உண்மை. ஆனால் 24(4) பிரிவின் விதிவிலக்கையும் படியுங்கள். ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. முதல் மனுவிலேயே அந்த வரியை எழுதிவிடுவது நல்லது.

அறுபத்து நான்கு சாட்சிகள்

இனி இந்த வழக்கின் இதயத்துக்கு வருவோம். 2000 ஆகஸ்டுக்குள் 250 சாட்சிகளின் விசாரணை முடிந்துவிட்டது. பத்துப் பேர்தான் பாக்கி. 2001 மே மாதம் ஜெயலலிதா முதல்வரானார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2002 மார்ச்சில் மீண்டும் முதல்வரானார். அதன் பிறகு 76 சாட்சிகள் மறு குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள்.

சாட்சி பிறழ்வது புதிதல்ல. பிறழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அரசு வழக்கறிஞர் எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவியுங்கள் என்று கேட்டு, முன்பு கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மறு விசாரணையிலாவது விளக்கம் கேட்க வேண்டும். இங்கே அரசு வழக்கறிஞர் மறு அழைப்பை எதிர்க்கவில்லை, பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர் தலைமை தாங்கும் அரசு நியமித்த வழக்கறிஞர், அவருக்கு எதிராக வாதாட வேண்டிய நிலை. சாட்சிக் கூண்டையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசு வழக்கறிஞர் மேசை ஊமையாக இருந்ததைச் சிலர்தான் கவனித்தார்கள்.

தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தில் இடமாற்ற மனு போட்டார். இவர் அரசியல் எதிரி, இவருக்கு என்ன உரிமை என்ற வாதம் எழுந்தது. ஜனநாயகத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஆட்சியைக் கண்காணிப்பவர், அவருக்கு இதில் அக்கறை உண்டு என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. இது மிக முக்கியமான வாசகம். புகார் கொடுப்பவருக்கு அரசியல் நோக்கம் இருக்கிறது என்பது எல்லா வழக்கிலும் வரும் முதல் கேடயம். புகாரில் உண்மை இருந்தால் நோக்கம் தடையாகாது.

2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. வெறும் இடமாற்றத்தோடு நிற்காமல் உத்தரவில் இருந்த நிபந்தனைகளைப் பாருங்கள். கர்நாடக அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும், கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்தே மூத்த குற்றவியல் வழக்கறிஞரை அரசு வழக்கறிஞராக நியமிக்க வேண்டும், பின்வாங்கிய சாட்சிகளை மறுபடி அழைக்க அவர் மனு செய்யலாம், தமிழ்நாடு ஆவணங்களையும் சாட்சிகளுக்கான பாதுகாப்பையும் தர வேண்டும். இடமாற்றம் கேட்பவர்கள் ஊரை மாற்றச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அரசு வழக்கறிஞரை யார் நியமிப்பது என்பதையும் மனுவின் வேண்டுதலில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பழைய வழக்கறிஞரே புது ஊருக்கு ரயில் ஏறி வருவார்.

இத்தகைய மனுவுக்கு உணர்ச்சி தேவையில்லை, அட்டவணை தேவை. சாட்சி எண், முதல் விசாரணைத் தேதி, அன்று சொன்னது, மறு அழைப்பு மனுவின் தேதி, அரசுத் தரப்பு எதிர்த்ததா, மறு விசாரணையில் சொன்னது, பிறழ் சாட்சியாக அறிவிக்கப்பட்டாரா. ஏழு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்றொப்பமிட்ட நகலின் பக்க எண். இதற்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருவர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாக்குமூலம் பதிவான வாரமே நகல் மனு போட வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும்.

பெங்களூரில் போன பதினோரு ஆண்டு

மாற்றப்பட்ட பிறகும் தீர்ப்புக்குப் பதினோரு ஆண்டு ஆனது. ஏன் என்று கேட்டால் பாதிப் பதில் 2005-ல் இருக்கிறது. லண்டன் சொத்து தொடர்பான இன்னொரு வழக்கையும் இதோடு சேர்த்து விசாரிக்க உத்தரவானது. அந்த இணைப்பு எதிர்க்கப்பட்டு, உச்ச நீதிமன்றத் தடை 2010 வரை நீடித்தது. கடைசியில் லண்டன் வழக்கே திரும்பப் பெறப்பட்டது. வலுவான வழக்கோடு பலவீனமானதைக் கட்டினால் இரண்டும் ஒரே வேகத்தில் நகரும், அதாவது பலவீனமானதன் வேகத்தில். மொழிபெயர்ப்பு இன்னொரு புதைகுழி. தமிழில் இருந்த சாட்சியங்களும் ஆவணங்களும் ஆங்கிலமாக வேண்டும், மொழிபெயர்ப்பில் பிழை என்று மனு, அதற்கு எதிர் மனு. வெளி மாநிலத்துக்கு மாற்றம் கேட்கிறீர்கள் என்றால், மொழிபெயர்ப்பாளர் யார், எத்தனை மாதத்தில், சரிபார்ப்பது யார் என்பதையும் அதே உத்தரவில் வாங்கிவிடுங்கள்.

2011 அக்டோபர், நவம்பரில் ஜெயலலிதா நேரில் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 2013-ல் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா பொறுப்பேற்றார். 2014 செப்டம்பர் 27 அன்று நான்கு ஆண்டுச் சிறை, ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதம், மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் தீர்ப்பு வந்திருந்ததால் அவரது சட்டமன்றப் பதவி உடனடியாகப் போனது. அதற்கு முன் என்றால் மேல்முறையீடு போட்டுவிட்டுப் பதவியில் தொடர்ந்திருக்கலாம்.

மீண்டும் அந்த நாற்காலி. பெங்களூரில் அரசு வழக்கறிஞராக இருந்த பி.வி. ஆச்சார்யா 2012-ல் விலகினார். 2013-ல் பவானி சிங் விசாரணை நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்திலும் அவரே ஆஜரானார், தமிழக அரசின் உத்தரவின் பேரில். வழக்கு கர்நாடகாவுக்கு மாறிய பிறகு நியமிக்கும் உரிமை தமிழகத்துக்கு இல்லை என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அதற்குள் வாதங்கள் முடிந்திருந்தன. மறு வாதத்துக்கு உத்தரவில்லை. கர்நாடகமும் அன்பழகனும் எழுத்துப்பூர்வமாக மட்டும் வாதம் கொடுக்க வழி கிடைத்தது. சட்டப்படியான அரசு வழக்கறிஞர் ஒரு சொல்கூட வாய்விட்டு வாதாடாமலே 2015 மே 11 அன்று நால்வரும் விடுதலையானார்கள். மேல்முறையீடு எண் வாங்கிய அன்றே, இந்த நீதிமன்றத்துக்கு அரசு வழக்கறிஞரின் நியமன உத்தரவு எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். விசாரணை நீதிமன்ற நியமனம் மேல் நீதிமன்றத்துக்குத் தானாகப் போகாது.

பதிமூன்றரைக் கோடி

விடுதலைத் தீர்ப்பின் கணக்கு இப்படி: சொத்து ரூ.37,59,02,466, வருமானம் ரூ.34,76,65,654, வித்தியாசம் ரூ.2,82,36,812. அது வருமானத்தில் 8.12 சதவீதம். 1977-ல் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில் பத்து சதவீதத்துக்குக் குறைவான மிகுதியைப் பொருட்படுத்தாமல் விட்டதை எடுத்துக்காட்டி விடுதலை.

அந்த வருமானத்துக்குள் கடன் தொகைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. மொத்தம் ரூ.24,17,31,274 என்று தீர்ப்பில் போட்டிருந்தது. வரிசையாகக் கூட்டினால் வருவது ரூ.10,67,31,274. பதிமூன்றரைக் கோடி அதிகம். கர்நாடக அரசின் வழக்கறிஞராகத் திரும்பியிருந்த ஆச்சார்யா இதைச் சுட்டிக்காட்டினார். திருத்திப் போட்டால் வருமானம் 21.27 கோடி, மிகுதி 16.32 கோடி, அதாவது 76 சதவீதத்துக்கு மேல். பத்து சதவீதப் பேச்சுக்கே இடமில்லை.

தீர்ப்பு கைக்கு வந்ததும் சட்ட வாதங்களைப் படிப்பதற்கு முன் எல்லா அட்டவணைகளையும் கால்குலேட்டர் வைத்துக் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். எந்தத் தொகை எந்தச் சான்றாவணத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரே தொகை கடனாகவும் நிறுவன வருமானமாகவும் இரண்டு இடத்தில் நுழைந்திருக்கிறதா என்பதையும் தேடுங்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள்தான் அவகாசம்.

மேல்முறையீடு செய்தது கர்நாடக அரசு. வழக்கு சென்னையிலேயே இருந்திருந்தால் அந்த மனுவைப் போட வேண்டியது, முதல்வராகத் திரும்பியவரின் அரசு. 2003-ல் கேட்ட இடமாற்றம் 2015-ல்தான் முழுப் பயனைத் தந்தது.

2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் அமர்வு விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமாகியிருந்ததால் அவரளவில் மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவரும் சிறை சென்றார்கள். அவரது 100 கோடி அபராதத்தைச் சொத்திலிருந்து வசூலிக்கக் கர்நாடகம் போட்ட மறு ஆய்வு மனுவும் தள்ளுபடியானது.

இப்போது கையில் இருக்கும் சில கருவிகள் அன்று இல்லை. எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அரசு திரும்பப் பெற முடியாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 நாடு முழுவதும் செல்லும், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு செய்யலாம். ஆட்சி மாறியதும் புலனாய்வுத் துறையே ‘மேல் விசாரணை’ செய்து எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்து, விடுவிப்பு உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீடு செய்ய யாரும் இல்லாமல் போகும். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அமைச்சர்கள் சிலர் தொடர்பான அத்தகைய உத்தரவுகளைத் தாமாக முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்தார். அந்த வழி திறந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் நீதிபதி தாமாகப் பார்ப்பார் என்று காத்திருக்காதீர்கள். விடுவிப்பு உத்தரவின் நகலை வாங்கி, சீராய்வுக் காலக்கெடுவுக்குள் நீங்களே மனு போடுங்கள்.

சொத்து முடக்கத்தைத் தொடக்கத்திலேயே கேட்பது பலர் மறக்கும் வேலை. இந்த வழக்கில் நிலங்களும் வைப்புத் தொகைகளும் 1944 அவசரச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே முடக்கப்பட்டிருந்தன. அதனால்தான் தண்டனைக்குப் பிறகு பறிமுதல் செய்ய ஏதோ மிஞ்சியிருந்தது. இப்போது ஊழல் தடுப்புச் சட்டத்திலேயே 18ஏ பிரிவு இருக்கிறது. முடக்கிய அன்றே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அந்தந்தச் சார் பதிவாளர் அலுவலகத்தில் முடக்கம் பதிவாகிவிட்டதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள். 1996 டிசம்பரில் கைப்பற்றிய நகைகள் பெங்களூர் நீதிமன்றத்திலிருந்து தமிழக அரசின் கைக்கு நிலப் பத்திரங்களோடு வந்து சேர்ந்தது 2025 பிப்ரவரியில்.